ஹார்லோ டேரமின் மேசை

1943 மே 16ஆம் திகதி மாலை, இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் விமானத் தளத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் கதவில் ஒரு சின்ன ஏணி சாத்தியிருக்கிறது. ஏழு பேர் ஏறப் போகிறார்கள். ஏணியில் நிற்பவர் விமானி கை கிப்சன். ஜேர்மனியின் அணைக்கட்டுகளை உடைத்த அந்த இரவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அவரில்தான் தொடங்குவார்கள். என் கண் போவது வலது ஓரத்தில் நிற்பவரிடம். டோர்கர் ஹார்லோ டேரம். கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் மைலோ என்ற ஊர்க்காரர். அன்றைக்கு அவருக்கு இருபத்துமூன்று வயது நிறைய இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த விமானத்தின் நேவிகேட்டர், அதாவது வழியைக் கணக்கிட்டுச் சொல்பவர், அவர்.

அந்தப் படத்தில் இருக்கும் ஏழு பேரில் ஒருவர்கூடப் போர் முடிந்ததைப் பார்க்கவில்லை. நாலு பேர் 1943 செப்ரெம்பரில் ஒரே விமானத்தில் போனார்கள். எஞ்சின் பார்த்த ஜோன் புல்ஃபோர்ட் 1944 பெப்ரவரியில். பின்பக்கத் துப்பாக்கிக்காரர் ட்ரெவர்-ரோப்பர் அடுத்த மாதம் நூரெம்பேர்க் நகரத்துக்குப் போன இரவில். கிப்சன் அதே ஆண்டு செப்ரெம்பரில் நெதர்லாந்தில். பதினாறு மாதத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது.

கல்கரிக்கு வந்து கன காலம் வரைக்கும் எனக்கு இந்தப் பெயர் தெரியாது. நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது நாண்டன் என்ற சிற்றூரில் ஒரு பெரிய கொட்டகை கண்ணில் படும். கனடாவின் குண்டுவீச்சுப் படை அருங்காட்சியகம் அது. உள்ளே முழு லங்காஸ்டர் ஒன்று நிற்கிறது. போர் முடிந்த பிறகு கழிவாகக் கிடந்த விமானத்தை 1960இல் நாண்டன் ஊர்க்காரர்கள் மூன்று பேர் விலைக்கு வாங்கி, வல்கன் பக்கமிருந்து வயல்களுக்குக் குறுக்காக இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். மழையிலும் பனியிலும் வெளியே நின்ற அதைக் காப்பாற்ற 1986இல் ஊரவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றைக்கு அதன் நாலு எஞ்சினும் ஓடும்.

நேவிகேட்டர் இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். விமானிக்குப் பின்னால், இடது பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு மேசை. அவ்வளவு அகலம் இல்லை. அதன் மேல் வளைந்து நிற்கும் ஒரு விளக்கு. வரைபடம், பென்சில், கோணமானி, காற்றைக் கணக்கிடும் கைக்கருவி, பதிவுத் தாள். அந்த விளக்கு வெளிச்சம் வெளியே தெரிந்தால் எதிரியின் இரவு வேட்டை விமானம் கண்டுபிடித்துவிடும். ஆகவே சுற்றிவர ஒரு கறுப்புத் திரை. துப்பாக்கிக்காரர்கள் இருட்டைப் பார்த்தபடி இருப்பார்கள், விமானி அடிவானத்தைப் பார்ப்பார், குண்டு போடுகிறவர் மூக்குப் பக்கம் குப்புறப் படுத்துக் கீழே பார்ப்பார். நேவிகேட்டர் ஒன்றையும் பார்க்கமாட்டார். ஏழெட்டு மணி நேரம் பறந்து, ஒரு நகரம் எரிவதன் மேலாகப் போய், திரும்பி வந்து இறங்கும்வரை திரைக்குள்ளேயே இருந்து கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு எப்படி? விமானம் இந்தத் திசையில், இந்த வேகத்தில் போகிறது என்பது தெரியும். ஆனால் அது போவது காற்றுக்குள். காற்றே அதைத் தூக்கி வேறு பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று பிடித்தால்தான் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று சொல்லலாம். புறப்படும்போது வானிலைக்காரர்கள் சொல்லிவிடும் காற்று, வட கடலைத் தாண்டும்போது மாறிப்போயிருக்கும். இங்கிலாந்திலிருந்து அனுப்பும் வானொலித் துடிப்புகளைக் கொண்டு இடம் அறியும் ‘ஜீ’ என்ற கருவி 1942இலிருந்து இருந்தது. எதிரியின் நிலத்துக்கு மேல் போனதும் ஜேர்மனியர்கள் அதைக் குழப்பிவிடுவார்கள். அதற்குள் ஆறு நிமிடத்துக்கு ஒருதரம் இடத்தைக் குறித்துக்கொள்வது நேவிகேட்டர்களின் வழக்கம். ஆறு நிமிடம் என்றால் மணியில் பத்தில் ஒன்று, பெருக்கவும் வகுக்கவும் சுலபம். குளிரில் விறைத்த விரலோடு, எஞ்சின் இரைச்சலுக்குள், மேலே சுடுகிறார்கள் என்று காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போது செய்கிற பெருக்கல் அது. பிழைத்தால் ஏழு பேரும் தவறான இடத்தில் தவறான உயரத்தில் இருப்பார்கள்.

இந்த வேலையைப் பழக்கும் நாடாகக் கனடாதான் இருந்தது. 1939 டிசம்பரில் கையெழுத்தான பொதுநலவாய விமானப் பயிற்சித் திட்டத்தில் 131,000க்கு மேற்பட்டவர்கள் இங்கே தேறினார்கள், அதில் நேவிகேட்டர்கள் மட்டும் கிட்டத்தட்ட 30,000 பேர். சமவெளி மாகாணங்களில் பார்த்த இடமெல்லாம் பயிற்சித் தளம். டேரமின் வீட்டுக்குப் பக்கத்து ஊரான வல்கனிலும் ஒன்று இருந்தது. அந்த நிலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே நில அளவையே சதுர மைல் கட்டங்களாகத்தான், வீதிகள் நேர் வடக்கும் நேர் கிழக்குமாக, கணக்குக் கொப்பியில் கோடு போட்ட மாதிரி ஓடும். சின்ன வயதிலிருந்தே திசையை உடம்பில் வைத்து வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். அல்பேர்ட்டாவிலிருந்து இத்தனை நல்ல நேவிகேட்டர்கள் போனதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

டேரமின் தகப்பன் நோர்வேயிலிருந்து வந்து கமம் செய்தவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே ஏரியில் மூழ்கிப் போய்விட்டார். தாய் ஹில்டா நாலு பிள்ளைகளோடு நின்றார். மூத்தவர் ஹார்லோ. கனடிய விமானப் படையில் சேர்ந்து, நேவிகேட்டராகப் பழகி, இங்கிலாந்தில் 50ஆம் படையணியில் ஒரு சுற்று, அதாவது ஒருவருக்கு விதித்த தொகைப் பறப்புகள் முழுவதையும், பறந்து முடித்தார். ஒரு சுற்று முடித்து உயிரோடு இருப்பதே அந்த நாளில் பெரிய காரியம். 1943 மார்ச்சில் அணையுடைப்புக்காக 617ஆம் படையணியைப் புதிதாகத் திரட்டியபோது கிப்சன் அவரைத் தன் விமானத்துக்கு எடுத்துக்கொண்டார். படையணியிலேயே மிகத் திறமான நேவிகேட்டர் என்ற பெயர் அவருக்கு இருந்தது.

இலங்கையில் பிறந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, காலிக்குப் பக்கத்துக் கொக்கலை நீர்த்தளத்திலிருந்து கனடியர்களின் 413ஆம் படையணியைச் சேர்ந்த கட்டலினா விமானம் ஒன்று தெற்கே ரோந்து போனது. ஜப்பானியக் கப்பற்படை வருவதை அதுதான் முதலில் கண்டு அறிவித்தது. விமானி லெனார்ட் பேர்ச்சலை இலங்கையின் இரட்சகர் என்று இன்றும் சொல்வார்கள். திரும்பும் நேரம் வந்தபோது, நிலவு எழும்பும்வரை இன்னொரு சுற்றுப் போவோம், இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்டவர் அந்த விமானத்தின் நேவிகேட்டர் ஒன்யெட். அவரும் கனடியர். அந்தக் கடைசிச் சுற்றில்தான் கப்பல்கள் தெரிந்தன. அடுத்த நாள் கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. ஆனால் துறைமுகங்கள் நித்திரையில் அகப்படவில்லை. பேர்ச்சலின் பெயர் தெரிந்த எத்தனை பேருக்கு ஒன்யெட்டின் பெயர் தெரியும்?

அணைக்கட்டுக்குப் போன இரவுக்கு வருவோம். பத்தொன்பது லங்காஸ்டர்கள், 133 பேர். அதில் முப்பது பேரளவில் கனடியர்கள். ராடாருக்கும் பீரங்கிக்கும் அகப்படாமல் இருக்க முழு வழியும் நூறு அடி உயரத்தில் போக வேண்டும், அதுவும் நிலா வெளிச்சத்தில். அந்த உயரத்தில் கரையோரமும் ஆறும் தண்டவாளமும் கண்மூடித் திறப்பதற்குள் கீழே ஓடி மறையும். முன்னறிவித்ததைவிட வலுவான காற்று தள்ளியதில் கிப்சனின் கூட்டம் நெதர்லாந்துக் கரையை நினைத்த இடத்துக்குத் தெற்கே போய்த்தான் தொட்டது. அதைப் பிடித்துத் திருத்திக் கூட்டத்தைப் பாதைக்குக் கொண்டுவந்தது டேரமின் பென்சில். அந்த மாதிரித் தவறிய இடமெல்லாம் பீரங்கி நிலையங்கள் இருந்தன. வழியில் உயர் அழுத்த மின் கம்பிகள். ஆஸ்டெலின் விமானம் மின்கோபுரத்தில் மோதி எல்லாரும் இறந்தார்கள். அதன் நேவிகேட்டர் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஃபிளோய்ட் வைல்.

முதல் இலக்கான மோனே அணையில் டேரமுக்கு இன்னொரு வேலை. குண்டு நீரில் தத்தித் தத்திப் போய் அணைச் சுவரில் முட்ட வேண்டும். அதற்கு விமானம் சரியாக அறுபது அடி உயரத்தில், மணிக்கு 370 கிலோமீற்றர் வேகத்தில் இருக்க வேண்டும். இரவில் நீர்ப்பரப்புக்கு மேல் அந்த உயரத்தை எந்த மானியும் நம்பிக்கையாகக் காட்டாது. ஆகவே விமானத்தின் வயிற்றில் இரண்டு விளக்குப் பூட்டினார்கள். நீரில் விழும் இரண்டு வெளிச்ச வட்டங்களும் ஒன்றையொன்று தொட்டால் அறுபது அடி. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் நேவிகேட்டர். வழக்கமாகத் திரைக்குள் இருப்பவர் மேசையை விட்டெழுந்து, வலது பக்கக் கண்ணாடிப் புடைப்பில் தலையை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டு, இன்னும் கீழே, இன்னும் கீழே, போதும், அப்படியே பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே அணையின் கோபுரங்களிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு தாழப் பறக்கும் விமானத்தை இலக்குப் பார்ப்பதில் சிரமம் இருந்திருக்காது.

அவர்களுடைய குண்டு வெடித்தும் அணை நின்றது. அடுத்து வந்த ஹொப்குட்டின் விமானம் தீப்பிடித்து விழுந்தது. அதில் நேவிகேட்டராக இருந்தவர் கென் ஏர்ன்ஷோ, அல்பேர்ட்டாவின் பஷோ ஊரில் வளர்ந்தவர், பள்ளிக்கூட வாத்தியார். அதன் பிறகும் கிப்சன் மற்ற விமானங்களுக்குப் பக்கத்தில் பறந்து பீரங்கிச் சூட்டைத் தன் பக்கம் இழுத்தார், அதாவது டேரமும்தான். ஐந்தாவது குண்டோடு மோனே உடைந்தது. பிறகு பள்ளத்தாக்குகளை மூடிய மூடுபனிக்குள் ஈடர் அணையைத் தேடிப் போனார்கள். அதுவும் உடைந்தது. திரும்பும் வழியில் மோட்ஸ்லேயின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் நேவிகேட்டர் சஸ்காச்சுவானின் மூஸ் ஜோ ஊரைச் சேர்ந்த ரொபேர்ட் ஏர்க்கார்ட். பத்தொன்பதில் எட்டு திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள்.

உடைந்த அணையின் கீழேயும் ஆட்கள் இருந்தார்கள். மோனே வெள்ளத்தில் 1,300 பேரளவில் செத்தார்கள். அதில் பாதிக்கு மேல் ஜேர்மனியர்களே அல்ல. நேஹைம் ஊரில் ஆற்றோரத்து முகாமில் அடைத்து வைத்திருந்த அடிமைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் உக்ரைன், ரஷ்யா, போலந்துப் பெண்கள். நள்ளிரவில் கம்பி வேலிக்குள் அகப்பட்டவர்களுக்கு மேட்டுக்கு ஓட வழியிருக்கவில்லை. யாரை விடுவிக்கப் போர் நடந்ததோ அவர்களில் பல நூறு பேர் அந்தத் தண்ணீரில் போனார்கள்.

இதை நான் விட்டுவிட்டு எழுத முடியாது. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். வீட்டுக் கோடியில் கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்ட பங்கருக்குள் பல இரவும் பகலும் இருந்திருக்கிறேன். பொம்மர் இரைச்சல் கேட்டதும் அம்மம்மா “முருகா, முருகா” என்று தொடங்குவா. காதுக்குள் பஞ்சை அடைத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கச் சொல்வார்கள். மேலே இருப்பவனுக்கு ஒரு முகம் இருக்கும், அவனுக்கும் ஒரு மேசையும் விளக்கும் இருக்கும் என்று அந்த வயதில் நினைத்ததில்லை. அப்படி நினைக்கச் சொல்லி யாரும் கேட்டிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வெற்றிக் கதையாக அணையுடைப்பைச் சொல்லிக் கைதட்டும் இடங்களில் எனக்கு நிற்க முடிவதில்லை. ஆனால் டேரமின் படத்துக்கு முன்னால் நிற்க முடிகிறது. அவர் நாற்சியரை எதிர்த்த போரில், தன்னை ஏவிய வேலையை, தன் உயிரை வைத்துச் செய்தவர். நேஹைம் பெண்களின் சாவும் அந்த வேலையின் விளைவு. இரண்டையும் அருகருகே எழுதி வைப்பதைத்தான் நான் மரியாதை என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தவருக்குப் பதக்கம் கிடைத்தது. ஜூனில் பக்கிங்ஹாம் மாளிகைக்குப் போனார், பத்திரிகைகளில் பெயர் வந்தது. ஓகஸ்ட் மாதம் சேர்ச்சில் கியூபெக் மாநாட்டுக்குப் போனபோது கிப்சனையும் கூட்டிக்கொண்டு போனார். அப்படியே கனடா முழுக்கச் சுற்றிவந்த கிப்சன், செப்ரெம்பரில் கல்கரிக்கு வந்து டேரமின் தாயைச் சந்தித்தார். அதற்கும் ஒரு புகைப்படம் இருக்கிறது. தாய் குடும்பப் படத்தொகுப்பைத் திறந்து காட்டுகிறார், கிப்சன் குனிந்து பார்க்கிறார். தன் மகனோடு அந்த இரவில் இருந்தவர், மகன் சுகமாக இருக்கிறான் என்று நேரில் சொல்லக்கூடிய ஒருவர், வீட்டுக்கே வந்திருக்கிறார். அந்தத் தாயின் முகத்தில் பெருமை அப்படியே தெரியும்.

சில நாளில், செப்ரெம்பர் 15ஆம் திகதி இரவு, 617ஆம் படையணி டோர்ட்முண்ட்-எம்ஸ் கால்வாயை உடைக்கப் போனது. எட்டு விமானங்கள், ஒவ்வொன்றிலும் 12,000 இறாத்தல் எடைக் குண்டு. கிப்சனுக்குப் பதிலாகப் பொறுப்பேற்ற ஜோர்ஜ் ஹோல்டன், கிப்சனின் ஆட்களையே தன் விமானத்தில் ஏற்றிக்கொண்டார். டேரம், அவுஸ்திரேலியரான ஸ்பஃபோர்ட், ஹச்சிசன், இன்னொரு கனடியரான டீரிங். நோர்ட்ஹோர்ன் ஊருக்கு மேல் தாழப் பறந்தபோது பீரங்கிக் குண்டு பட்டது. விமானம் விழுந்து உள்ளேயிருந்த குண்டோடு வெடித்தது. எட்டுப் பேரும் போனார்கள். அன்றிரவு எட்டு விமானத்தில் ஐந்து திரும்பவில்லை. கால்வாயும் உடையவில்லை. வேறு வகைப் பெரிய குண்டுகளோடு ஓராண்டு கழித்துத்தான் அதை உடைத்தார்கள்.

டேரம் ஜேர்மனியில் ரைக்ஸ்வால்ட் காட்டுப் போர்க் கல்லறையில் இருக்கிறார். அங்கே 7,500க்கு மேற்பட்ட கல்லறைகள், பெரும்பாலும் விமானப் படையினருடையவை. அவருடைய தம்பி லோர்னும் குண்டுவீச்சு விமானத்திலேயே பறக்கப் போய், 1945 தொடக்கத்தில், போர் முடிய மூன்று மாதம் இருக்க, கொல்லப்பட்டார்.

நாண்டன் அருங்காட்சியகத்துக்கு முன்னால் கறுப்புக் கருங்கல் சுவர் ஒன்று நிற்கிறது. 2005இல் திறந்தது. குண்டுவீச்சுப் படையில் இறந்த கனடியர்கள் 10,000க்கு மேற்பட்டவர்களின் பெயர் அதில் பொறித்திருக்கிறது.  அம்மா கல்கரிக்கு வந்து நின்ற கோடையில் அவவையும் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்கு வெயில் படாமல் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி சுவரின் ஒரு தொங்கலிலிருந்து மறுதொங்கல் வரைக்கும் நடந்தா.

“உதிலை எழுதியிருக்கிறது முழுக்கச் செத்த ஆக்களின்ரை பேரோ?”

“ஓம் அம்மா.”

“எல்லாரும் பொம்மரிலை போனவங்களோ?”

“ஓம்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. டேரம் சகோதரர்களின் பெயரைக் காட்டினேன். தாய் படத்தொகுப்போடு இருக்கும் புகைப்படத்தைக் கைபேசியில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கி, அந்தத் தாயின் கையையும் முகத்தையும் பார்த்தா.

“மூத்தவன் போனாப் பிறகும் மற்றவனைப் போக விட்டவவோ?”

“பறக்கப் போன எல்லாரும் தாங்களாக விரும்பிப் போனவை, அம்மா. ஒருத்தரையும் கட்டாயப்படுத்தேல்லை.”

“எங்கடை பெடியளும் அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தானே போனவங்கள்” என்றா அம்மா.

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பங்கர் வாசலில் எங்களை ஒவ்வொருவராக எண்ணி உள்ளே இறக்கியவ, பொம்மரில் போன பிள்ளைகளின் தாய்க்காக அந்தச் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றா.

கனடியர்கள் தங்கள் இறந்தவர்களை நினைப்பதில் எனக்குப் பிடித்த சில காரியங்கள் உண்டு. மனிற்றோபாவில் போரில் இறந்த 4,000க்கு மேற்பட்டவர்களின் பெயரை வடக்கே இருக்கும் ஏரிகளுக்கும் தீவுகளுக்கும் வளைகுடாக்களுக்கும் வைத்திருக்கிறார்கள். சஸ்காச்சுவானிலும் அப்படித்தான். வரைபடத்திலேயே வாழ்ந்த நேவிகேட்டர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நினைவு வேறில்லை. இன்னொன்று ஹலிபக்ஸ் விமானம் எல்டபிள்யூ 682. 1944 மே மாதம் பெல்ஜியத்தில் சதுப்பில் விழுந்து புதைந்த அதை 1997இல் கனடியர்கள் தோண்டி எடுத்தார்கள். உள்ளேயே கிடந்த மூன்று பேரை அவர்களுடைய தோழர்களுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அதன் அலுமினியத்தை நாண்டன் அருங்காட்சியகம் கொடுத்து, அதைக் கொண்டுதான் 2012இல் இலண்டன் கிரீன் பார்க்கில் திறந்த குண்டுவீச்சுப் படை நினைவிடத்தின் உட்கூரையைச் செய்தார்கள். குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறக்குறைய 125,000 பேரில் 55,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தும், அவர்களுக்கென்று இலண்டனில் ஒரு நினைவிடம் எழும்ப அத்தனை ஆண்டு பிடித்தது. கீழே செத்தவர்களை நினைத்துத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் பிழையென்று நான் சொல்லமாட்டேன். அந்த நினைவிடத்திலேயே குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகம் ஒன்று இருப்பது எனக்கு ஆறுதல்.

கல்கரிப் பக்கம் இருப்பவர்களுக்கு: நாண்டன் தெற்கே ஒரு மணி நேர ஓட்டம். கோடையில் சில நாட்களில் லங்காஸ்டரின் எஞ்சின்களை ஓட்டிக் காட்டுவார்கள், அந்த நாளைப் பார்த்துப் போங்கள். பங்கருக்குள் இருந்த ஆட்கள் கூட வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும். திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே வல்கன் வழியாக மைலோவுக்குப் போகலாம், ஒரு மணி நேரம்தான். ஊர் சின்னது. தானிய வயலும் ஏரியும் பெரிய வானமும். போக முடியாதவர்கள் கனடிய அரசின் மெய்நிகர் போர் நினைவகத்தில் எந்தப் பெயரையும் தேடிப் பார்க்கலாம். கடிதமோ படமோ வைத்திருப்பவர்கள் அதில் சேர்க்கவும் விடுகிறார்கள். நிறையப் பெயர்களுக்கு இன்னும் முகம் இல்லை. உங்கள் அயலில் இருக்கும் வயதான கனடியர் யாராவது மாமன், பெரியப்பன் என்று ஒருவரைச் சொன்னால், அவர் விமானத்தில் என்ன வேலை செய்தவர் என்று கேளுங்கள்.